ஸ்வீடன் கேட்ட இரண்டாவது காபி

காலை ஆறு நாற்பதுக்கு ஸ்வீடன் இரண்டாவது காபி கேட்டார். என் மனைவி சாந்தி உள்ளே போய்ப் பாலை மறுபடி சுட வைத்து, டிகாக்‌ஷன் விட்டு, நுரை வர ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் எதிர் நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். "அண்ணா, காபி" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. பதில் வரவில்லை. காபிக்கு ஸ்வீடன் பதில் சொல்லாமல் இருந்தது எங்கள் வீட்டில் அதுவே முதல் தடவை. அதனால்தான் பேப்பரை இறக்கிப் பார்த்தேன்.

நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. யாரோ சொன்ன ஒரு விஷயத்தைச் சரியா தப்பா என்று யோசிக்கிறவர் மாதிரிதான் இருந்தார்.

அந்த நேரத்தில் என் மகள் நிவேதா சென்னை ஹாஸ்டலில் பகல் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்து வருகிறாள். பெயருக்குத்தான் எங்களைப் பார்க்க. உண்மையில் அவரைப் பார்க்க. இரண்டு வருடத்துக்கு முன்னால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எங்களோடு பேச்சையே நிறுத்தியிருந்த பெண் அவள். அந்தக் கதவைத் திறக்க வைத்தவர்தான் எங்கள் கூடத்தில் இப்போது இப்படிக் கிடந்தார். இதை அவளிடம் யார் சொல்வது, சொன்னால் அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளுமா என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஸ்வீடனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகத்திலேயே ஒரே ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு ஒரு தேசத்தையே பட்டப்பெயராக வாங்கிய மனிதர் அவர் ஒருவர்தான். கரந்தையில் வடவாற்றை ஒட்டிய எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது. தபால்காரர்கூட "ஸ்வீடன் சார், பதிவுத் தபால்" என்றுதான் குரல் கொடுப்பார்.

நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். விவசாயி கொண்டுவந்து கொட்டிய குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து மெஷினில் போடுவார். ஈரம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்று தலையை ஆட்டுவார். மேலே போனால் "இன்னும் காயட்டும்" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காக எத்தனையோ பேர் அவருடைய ஏழு தலைமுறையைத் திட்டியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. எங்கள் வீட்டு டிவியில் சீரியலைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இருபத்திரெண்டு இருக்கும் தங்கச்சி, எடுக்க முடியாது" என்று எழுந்து போய்விடுவார்.

படம் அவர் கைக்கு வந்ததே ஒரு விபத்து. அவருடைய தங்கை மகன் சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். நடராஜர் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் பென்டிரைவ் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வருவார் என்று வெகுநாள் காத்திருந்துவிட்டு, மாமாவிடம் கொடுத்தான். உள்ளே கொஞ்சம் சிலைப் படங்களும், ஸ்வீடன் நாட்டுப் போலீஸ் படம் ஒன்றும் இருந்தன. கீழே இங்கிலீஷில் வசனம் ஓடும். ஆபீஸ் சுற்றறிக்கைகளைப் படித்துப் பழகிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவர் அதைப் பார்க்க உட்கார்ந்தார். எழுந்தபோது வேறு ஆளாகிவிட்டார் என்பது என் கட்சி. சாந்தி கட்சி வேறு. "அண்ணன் முன்னாடியே அப்படித்தாங்க. படம் ஒரு சாக்கு" என்பாள்.

அவரோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பது லேசான காரியமில்லை. ஆரம்பிப்பதற்கு முன்பே கொலைகாரனைச் சொல்லிவிடுவார். "கொன்னது அந்த ஸ்கூல் பஸ் டிரைவர். தெரிஞ்சுபோச்சுல்ல? இனி அதை விட்டுட்டுப் படத்தைப் பாருங்க." பக்கத்து வீட்டு ஆட்டோ சேகர் அந்த இடத்திலேயே எழுந்துவிட்டான்.

"யாரு கொன்னான்னு சொல்லிட்டா அப்புறம் போலீஸ் படத்துல என்ன சார் இருக்கு?"

"போலீஸ்காரன் இருக்கான்ல, அவனைப் பாரு" என்றார் ஸ்வீடன்.

மின்விசிறி போடவும் விடமாட்டார். "படத்துல அத்தனை பேரும் குளிர்ல வெறச்சுப்போய் நிக்கிறாங்க. நாம காத்து வாங்கிக்கிட்டு காலை ஆட்டிக்கிட்டுப் பார்த்தா அது நியாயமா தம்பி?" என்று என்னைக் கேட்பார். சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வைத்திருந்தார். வைகாசி வெயிலில் அதை மாட்டி, கழுத்தில் மப்ளரைச் சுற்றி, வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். ரிமோட் அவர் கையை விட்டுப் போகாது. படத்தில் யாராவது கதவைத் திறந்தால் நிறுத்துவார், யாராவது வாயை மூடினால் நிறுத்துவார். இரண்டு மணி நேரப் படம் அவரோடு பார்த்தால் ஒரு மத்தியானம் முழுக்க ஓடும். "இவன் மூஞ்சியைப் பாருங்க. பொய் சொல்லலை. ஆனா முழுசாவும் சொல்லலை. இன்னும் காயணும்."

ஸ்வீடன் என்ற தேசத்தைப் பற்றி அவருக்கு வேறு எதுவும் தெரியாது; தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. டென்மார்க்கில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் லீவில் வந்தபோது ஆசையாக அவரைத் தேடி வந்து, ஸ்வீடன் தலைநகரத்துக்குப் போய் வந்த கதையைச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஊர் படத்துல வரலையே தம்பி" என்று காபியை உறிஞ்சினார். அந்த நாட்டில் இரண்டாவது காபி கேட்காமல் எழுந்தால் வீட்டுக்காரர்களை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும் என்று மட்டும் அடித்துச் சொல்வார். மனைவி போன பிறகு தினமும் விடிந்ததும் எதிர்வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து அந்த மரியாதையைச் செய்துவிட்டுத்தான் போவார்.

இனி படத்தைப் பற்றி. கதை என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி காணாமல் போகிறாள். முழங்கால் வலிக்காரரான வயதான இன்ஸ்பெக்டர் அவளைத் தேடுகிறார். துரத்தல் கிடையாது. துப்பாக்கி வைத்திருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. வீடு வீடாகப் போகிறார், காபி கொடுக்கிறார்கள், எதிரில் இருப்பவர் தானாகப் பேசும்வரை உட்கார்ந்திருக்கிறார். முதல் தடவை எனக்குக் கொட்டாவிதான் வந்தது. மூன்றாவது தடவை பார்த்தபோது பிடிபட்டது. அந்த ஊரில் ஒவ்வொருவரிடமும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. ரொட்டிக் கடைக்காரி அவளை ஒருநாள் அதட்டியிருக்கிறாள். தோழி ஒருத்தி அவளுடைய கடைசி அழைப்பை எடுக்கவில்லை. கொன்றவனைக்கூட அந்தப் படம் பூதமாகக் காட்டவில்லை. மறுநாள் காலை அவள் ஏறும் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்துகிறான். ஏற யாரும் இல்லை. கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடுகிறான். அவ்வளவுதான்.

ஸ்வீடனுக்கு இன்ஸ்பெக்டரின் சாக்ஸ்தான் உயிர். அந்த ஊரிலும் வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். "பெரிய அதிகாரி. சாக்ஸ்ல பொத்தல். அதை மறைக்க ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல வெச்சுக்கிறான் பாருங்க. ஒரு மனுஷனைப் பத்தி இதுக்கு மேல என்ன சொல்லணும் தம்பி?"

பெண்ணின் உடல் ஏரியில் கிடைத்த பிறகு, அவள் அம்மாவிடம் சொல்ல அந்த இன்ஸ்பெக்டர் போகிறார். செருப்பைக் கழற்றுகிறார். உள்ளே வருகிறார். சொல்ல முடியவில்லை. தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கிறது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, கழுவ ஆரம்பிக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொன்றாக வாங்கித் துடைக்கிறாள். இசை இல்லை, அழுகை இல்லை. கடைசித் தட்டைத் துடைக்கும்போது ஒன்றே ஒன்று கேட்கிறாள். "அவளுக்குக் குளிருச்சா?"

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு ஸ்வீடன் கொல்லைப்பக்கம் போய்விடுவார். முகம் கழுவிக்கொண்டு வந்து, "பதினேழு" என்பார். அவர் கொடுத்த ஒரே பதினேழு அதுதான். நாங்கள் சிரிப்போம்.

அந்தக் கதையை அவர் சொன்னாலே போதும். என் மைத்துனருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. பந்தியில் ஸ்வீடன் பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தார். எதிர் வரிசை காதைக் கொடுத்தது. சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடக்கும்போது அந்த வரிசையில் யாருடைய இலையிலும் சாம்பார் இல்லை. வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். "என்ன பந்தி நின்னுபோச்சு?" என்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த மைத்துனரே எழுந்து வந்து பார்த்தார். மங்கலமான நாளில் இழவுக் கதை சொன்னார் என்று இன்றைக்கும் அவருக்குக் கோபம் உண்டு. அன்றைக்கு அவரும் முடிவு வரை நின்று கேட்டார் என்பதை நான் பார்த்தேன்.

ஒரு சமயம் எங்கள் வாசலில் இறக்கியதாகச் சொன்ன கேஸ் சிலிண்டர் காணாமல் போயிற்று. ஸ்வீடன் விசாரணையைக் கையில் எடுத்தார். விசாரணை என்றால், வீடு வீடாகப் போய் இரண்டு காபி குடித்துவிட்டு எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது. தெருவே பால் வாங்கி ஓய்ந்துபோனது. கோடி வீட்டுக்காரர் ஒருவர், கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவர், நாலாவது நாள் அவர் எதிரில் உடைந்து அழுதுவிட்டார். அவருக்கு வேலை போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய கோயில் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். ஸ்வீடன் அவர் கூடவே இருந்து வீட்டில் சொல்ல வைத்தார். சிலிண்டரை டெலிவரிக்காரர் அடுத்த தெருவில் இறக்கியிருந்தது பிறகு தெரிந்தது. "கேஸைக் கண்டுபிடிக்கலையேண்ணா" என்று சாந்தி கேட்டாள். "அதான் கிடைச்சிருச்சே" என்றார். எதைச் சொன்னார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

நிவேதா கதவைச் சாத்திக்கொண்ட நாட்களில் நான் செய்யாத முயற்சி இல்லை. டாக்டர் பொறுமையாக இருக்கச் சொன்னார். நான் தினமும் கதவுக்கு வெளியே நின்று பேசுவேன். கெஞ்சுவேன். ஒருநாள் அதட்டினேன். என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. அவளாகச் சொல்லும்போது சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். வடவாற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்த மாதம் அது. நான் இரவில் எழுந்து பின்கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தண்ணீர் வந்தால் சந்தோஷப்படுகிற ஊர்க்காரன், அணையைச் சீக்கிரம் அடைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்வீடன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் காபியை முடித்துவிட்டுப் பென்டிரைவை எங்கள் டிவியில் செருகினார். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். காலி சோபாவுக்குப் படத்தை விளக்க ஆரம்பித்தார். மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும். "அண்ணனுக்கும் ஏதோ ஆயிருச்சு" என்று சாந்தி கலங்கினாள். ஒருநாள், அவர் வழக்கம்போல நிறுத்தி, "பாரு, அந்த மனுஷன் எவ்வளவு சோகமா உட்கார்ந்திருக்கான்" என்று சோபாவிடம் சொன்னபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவர் சோகமா இல்லை மாமா. அவருக்குத் தூக்கம் வருது."

நான் அடுப்படியில் இருந்தேன். சாந்தி என் கையைப் பிடித்த பிடி மறுநாள் வரை வலித்தது. ஸ்வீடன் திரும்பியே பார்க்கவில்லை. "அப்படியா? பின்னாடி ஓட்டிப் பார்த்துருவோம்" என்றார். ஓட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்குவது தெரிந்தது. "ஆமா இன்ஸ்பெக்டரம்மா, நாந்தான் இத்தனை நாளாத் தப்பாப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சண்டை. வசனத்தை அவர் பாதி தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்ததை அவள் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். இரண்டாவது காபிச் சட்டம் அந்தப் படத்தில் எங்குமே கிடையாது என்று நிரூபித்தாள். "படத்துல இல்லைன்னா என்ன, நாட்டுல இருக்கும்" என்றார். அடுத்த ஜூனில் அவள் சென்னையில் வேறு கல்லூரியில் சேர்ந்தாள்.

அவர் இறப்பதற்கு முந்தின வாரம் அவருக்குப் போன் செய்து, இன்னொரு ஸ்வீடன் படம் கண்டுபிடித்திருப்பதாகவும், இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தாள். "முதல் படமே இன்னும் பார்த்து முடியலையே" என்றார் எங்களிடம். ஆனால் இறந்த அன்று காலை அவர் வீட்டு மாடிக் கொடியில் ஸ்வெட்டர் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்தில் போவது மாதிரிதான் போயிருக்கிறார் என்றார். அவரை எதிரே அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோனோம். கண்ணாடிப் பெட்டி வந்தது. மேட்டூர் அணை இன்னும் திறக்காமல் வடவாறு வறண்டு கிடந்த அந்த வெயிலில், எங்கள் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்ட, அவர் ஒருத்தர் மட்டும் குளிரில் படுத்திருந்தார். சேகர்தான் அதைச் சொன்னான். சொல்லிவிட்டு ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். சுவாமிமலைப் பையன் வந்து காரியங்களைப் பார்த்தான். பேராவூரணியிலிருந்து தங்கை வந்துகொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

ரயிலில் தனியாக வருகிற பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நானும் சாந்தியும் முடிவு செய்தோம். நம் பக்கத்து வழக்கமே அதுதானே. யாரும் போனில் சாவைச் சொல்வதில்லை. "கொஞ்சம் சீரியஸ், வந்துட்டுப் போங்க" என்போம். ஸ்வீடனுக்கு இந்த வழக்கம் ஆகவே ஆகாது. அவர் மனைவி இறந்த அன்று பாபநாசம் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் இருந்தார். "அவங்களுக்கு லேசா மயக்கம், வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தது. மழை மூட்டம், விவசாயிகள் காத்திருந்தார்கள். லேசான மயக்கம்தானே என்று மிச்சக் குவியல்களையும் பார்த்து முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். தெருமுனையில் இறங்கியபோது வாசலில் பந்தல். கையில் சாத்துக்குடிப் பை. "அந்தப் பையை எங்க வைக்கிறதுன்னு தெரியலை தம்பி" என்றார் என்னிடம் ஒருமுறை. "நான் போனா செத்துட்டான்னு சொல்லிருங்க. உடம்பு சரியில்லைன்னு சொல்லிறாதீங்க." சாத்துக்குடிக் கதையோடு நிவேதாவிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் தெரிந்தும் பொய் சொன்னோம். அதிலும் பேசி வைத்துக்கொள்ளாமல் சொன்னோம். அவர் போனை எடுக்கவில்லை என்று அவள் அம்மாவைக் கேட்டபோது, லேசாகக் காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்குகிறார் என்று சாந்தி சொல்லிவிட்டாள். அது தெரியாமல், தங்கை வீட்டுக்குப் பேராவூரணி போயிருக்கிறார் என்று நான் சொன்னேன். அவள் சேகரைக் கூப்பிட்டிருக்கிறாள். பல் வலி, ஆஸ்பத்திரிக்கு நான்தான் இறக்கிவிட்டேன் என்று அவன் தன் பங்குக்கு அடித்துவிட்டான். மறுபடி எனக்குப் போன்.

"அம்மா காய்ச்சல்ங்கறாங்க. நீங்க பேராவூரணிங்கறீங்க. சேகர் மாமா பல்வலிங்கறார்."

"காய்ச்சலோடதாம்மா பேராவூரணி போனார். அங்க போய்ப் பல் வலிச்சிருக்கு."

"சரிப்பா" என்றாள். வாசலில் மேளம் ஆரம்பித்தது. நான் போனைப் பொத்திக்கொண்டு ஓடி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

மயிலாடுதுறை ஸ்டேஷனிலிருந்து கடைசியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, பிளாட்பாரத்துல சாத்துக்குடி விக்குது. மாமாவுக்கு வாங்கிட்டு வரட்டுமா?"

அந்தத் தெருமுனையும் கையில் பையோடு நின்ற மனிதரும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். "வேண்டாம்மா" என்றேன். குரல் எப்படி இருந்ததோ தெரியாது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. போன் கட்டாகியிருந்தது.

ஸ்டேஷனுக்கு நான்தான் போவதாக இருந்தது. பிளாட்பாரத்தில் நின்று இதைச் சொல்ல என்னால் முடியாது என்று தெரிந்து சேகரை அனுப்பினேன். முன்வாசல் வழியாக வந்தால் பந்தல் தெரியும், கொல்லைச் சந்து வழியாகக் கூட்டிவா, வழியில் வாயைத் திறக்காதே என்றேன். சாந்தி எதிர்வீட்டில் பெண்களோடு இருந்தாள். நான் அடுப்படியில் நின்று வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். "மாமா நம்மளையெல்லாம் விட்டுட்டு..." இருபத்திரெண்டு. "அவர் கஷ்டப்படலைம்மா, நிம்மதியா..." அதுவும் தேறாது. எதைச் சொன்னாலும் இன்னும் காயட்டும் என்றுதான் அவர் குரல் கேட்டது.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டுக் காபிதான் போய்க்கொண்டிருந்தது. தொட்டியில் டம்ளர்கள் குவிந்து கிடந்தன. மேடையில் தனியாக ஒரு டம்ளர் மட்டும் இருந்தது. காலையில் கொண்டுவந்த அந்த இரண்டாவது காபி. ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. போகிற வருகிற யாரும் அதைத் தொடவில்லை, கொட்டவும் இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. குழாயைத் திறந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொட்டியில் நான் ஒரு ஸ்பூன் கழுவியதில்லை. சோப்பு எங்கே இருக்கும் என்றுகூடத் தேட வேண்டியிருந்தது. சட்டைக் கை நனைந்தது. மடக்கிவிட்டுக்கொண்டேன். ஏழெட்டு டம்ளர் கழுவிய பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. அந்தப் படத்தில் இதை யார் செய்வார், எப்போது செய்வார் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்போது சந்தில் ஆட்டோ வந்து நின்றது. கை நிற்கவில்லை.

பின்கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். நான் திரும்பவில்லை. அடுப்படியைத் தாண்டி ஐந்தாறு அடி வைத்தால் அவளுடைய அறை. அந்தக் கதவின் சத்தத்துக்காக முதுகு முழுவதும் காதாக நின்றேன். பை தரையில் இறங்கியது. காலடி என் பக்கம் வந்தது. ஆணியில் தொங்கிய துண்டை எடுத்தாள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கித் துடைத்துக் கவிழ்த்தாள். அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

நாலைந்து டம்ளர் அப்படித் துடைத்தாள். பிறகு, "சாத்துக்குடி வேண்டாம்னீங்கள்ல, அப்பவே தெரியும்ப்பா" என்றாள்.

கடைசி டம்ளரை நீட்டினேன். கழுவ வேறு டம்ளர் மிச்சம் இல்லை. அவள் மேடையைப் பார்த்தாள்.

"இது ஏன் கொட்டாம இருக்கு?"

"ரெண்டாவது" என்றேன்.

அவள் அந்த டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். ஆறிய காபியை மெதுவாகத் தொட்டியில் ஊற்றினாள். ஊற்றும்போது தோள் குலுங்கியது. டம்ளரை அலம்பினாள், கண்ணைத் துண்டில் துடைத்துக்கொண்டாள், அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பால் இருக்காப்பா? சூடா ஒண்ணு போட்டு எடுத்துட்டுப் போவோம்" என்றாள். "கேட்டுட்டுல்ல போயிருக்கார்."